ஷெட்டை விட்டு வராத வண்டிகள்

பிப்ரவரி 9

வாண்டு,

போன் பண்ணாதே. பண்ணினால் எடுக்க மாட்டேன். நேற்று நீ கூப்பிட்டபோது நான்தான் துண்டித்தேன், சிக்னல் ஒன்றும் போகவில்லை. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் என்ன பேசினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கூரியர்காரர் இரண்டு நாளில் கொண்டுவந்து தருகிறார். அது போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். ஓடி வரவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தே வந்தேன். முதல் சுற்று மருந்து என் முடியைப் பிடுங்கியது, வாயைப் புண்ணாக்கியது, ரத்தப் புற்றை மட்டும் தொடவே இல்லை. அதையே இன்னும் கொஞ்சம் கூட்டி இரண்டாம் சுற்று போடலாம் என்றார் டாக்டரம்மா. "முதல் தடவை சொல்லிக் கேக்காத ஆளு ரெண்டாம் தடவை கேப்பானா டாக்டர்?" என்றேன். அதற்குத்தான் நீ, இரண்டு நர்சுகள் நிற்க, பக்கத்துக் கட்டில்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க, என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாய். "உனக்கு எப்பவுமே முதிர்ச்சி கிடையாதுக்கா. தின்னர் வாசத்துலயே கெடந்து வியாதியையும் வாங்கிக்கிட்டு, இப்ப வீம்பு வேற."

ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பட்டம். வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பித் தரும்போது தருகிறேன். ஷெட்டை மூட மாட்டேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காருக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உன்னிடம் நிச்சயமாகக் கேட்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா படித்துச் சொன்னார்: "ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நான் பயத்தில் சிரிப்பதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். நீ காலேஜில் படிக்கும்போது ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து மனப்பாடம் பண்ணுவாயே, கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே, "சிட்ரேட், ஐசோசிட்ரேட், கீட்டோகுளுட்டரேட்" என்று? எனக்கே பாதி மனப்பாடம். இன்றைக்கும் அதைத்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்? அது என் எலும்புக்குள் என்ன அட்டகாசம் பண்ணுகிறது என்று எழுது. மாத்திரை ஒன்று இருக்கிறதாம். போடுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். நீ விளக்கினால் போதும்.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசை கணக்கு வாத்தியார் "என்ன டீச்சர், நல்ல செய்தியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதிருப்பேன் போலிருக்கிறது.

நான் பேசியதைப் பற்றி இப்போது எழுதவில்லை. எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய், விளக்கமும் அதோடு போய்விடும். அதனால் பாடத்தை மட்டும் எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும் ஒரு சுற்று ஓடுகிறது. நான் ஷெட்டில் ஒப்பித்தது அந்தச் சுற்றைத்தான். அதில் நீ சொன்ன அந்த டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஒரு வேலையாள். ஐசோசிட்ரேட்டை வாங்கிக் கீட்டோகுளுட்டரேட்டாக்கிக் கொடுப்பது அதன் வேலை. உன் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், எப்போதோ, அந்த நொதியை எழுதி வைத்திருக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. அம்மா அப்பா கொடுத்ததல்ல, எனக்கும் அது இருக்கும் என்று பயப்படாதே. அந்த ஒரு செல் பெருகிப் பெருகி இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

எழுத்து மாறிய வேலையாள் சும்மா உட்கார்ந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அது உருப்படியான கீட்டோகுளுட்டரேட்டை எடுத்து, பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறொரு பொருளாக மாற்றித் தள்ளுகிறது. அச்சு அசல் இரட்டைப் பிறவி. ஒன்றுக்கும் உதவாத இரட்டை.

சக்தி எடுக்கும் இடத்தில் நடக்கும் இந்தக் கோளாறு மரபணுக்கள் வரை போவதுதான் விந்தை. மரபணுக்களின் மேல் ஆங்காங்கே 'இதைப் படிக்காதே' என்று சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் ஒட்டியிருக்கும். மெத்தில் என்று பெயர். எழுத்து மாறாது, எழுத்து மூடப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இதைப் படிக்கும் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். வேண்டிய நேரத்தில் அந்தக் குறிகளை நீக்குவதற்கென்றே வேறு நொதிகள் உண்டு. அவற்றுக்குக் கையில் கீட்டோகுளுட்டரேட் இருந்தால்தான் வேலை ஓடும். அந்த இடத்தில் போலி இரட்டை போய் உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுவிடும். குறிகள் நீங்காது. ஒரு ரத்தச் செல் வளர்ந்து தன் வேலைக்குப் போவதற்குப் படிக்க வேண்டிய மரபணுக்கள் மூடியே கிடக்கும். செல்கள் வளராமல், மஜ்ஜையை விட்டு நகராமல், அங்கேயே பெருகி நிறைந்துவிடும்.

இப்படி வளராமல் நிற்கும் செல்களுக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

தின்னர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகை ரத்தத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது, அது உண்மை. ஆனால் உன் செல்லில் அந்த ஓர் எழுத்து அதனால்தான் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயிண்ட் டப்பாவையே பார்க்காதவர்களுக்கும் வயதாக ஆக இது வருகிறது. எனக்கு இது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

வாண்டு

பிப்ரவரி 18

வாண்டு,

கை வரவில்லையாம்! நான் எழுதுகிறேன். முதிராத செல்கள். டாக்டரம்மா வாயிலிருந்தே கேட்டுவிட்டேன். "உங்க எலும்புக்குள்ள முதிர்ச்சி அடையாத செல்கள்தாம்மா நிறைய இருக்கு" என்றார். "எங்க வீட்ல ஒருத்தி இதை முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா, சோதனைச் செலவே தண்டம்" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் பாடம் புரிந்தது. பாதி வரை புரியவில்லை, குறி ஒட்டுவது, நீக்குவது என்று வந்ததும் புரிந்துவிட்டது. இதைப் போய் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாயே! மாஸ்கிங் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால் முடிந்தது. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் பழைய பேப்பர் போட்டு டேப் ஒட்டி மூடுவோம். அடித்து முடித்ததும் உரித்தாக வேண்டும். உரிக்கிற ஆள் சரியில்லை என்றால் வண்டி ஷெட்டிலேயே நிற்கும். கண்ணாடி மூடிய வண்டியை எவன் ரோட்டில் ஓட்டுவான்? அடுத்தடுத்து வண்டி வந்துகொண்டே இருக்கும், எதுவும் வெளியே போகாது, கடைசியில் நான் நிற்கக்கூட இடம் இருக்காது. என் எலும்பு இப்போது அப்படித்தானே கிடக்கிறது? உரிக்கிறவன் கையில் எவனோ மொக்கை பிளேடைக் கொடுத்துவிட்டான்.

மாத்திரை அந்த மொக்கை பிளேடு தயாரிக்கிறவனைக் கட்டிப் போடுமாம். செல்லைக் கொல்லாதாம், வேலையை முடித்து அனுப்பி வைக்குமாம். முதல் சுற்று மருந்து ஷெட்டுக்கே தீ வைத்தது. இது நான் கேட்டுக்கொள்ளக்கூடிய பேச்சாக இருக்கிறது.

நாளையிலிருந்து போடுகிறேன். உனக்காக இல்லை. தெரிந்துகொண்டே சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மூன்று தடவை படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

மாஸ்கிங்! வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சு கூடத் தூங்கவில்லை. யார் சொன்ன உதாரணம் என்று கேட்டார்கள். கார் பெயிண்டர் என்றேன், என் அக்கா என்றேன்.

மாத்திரையை விடாமல் போடு. எப்படித் தெரியும் வேலை செய்கிறதென்று கேட்பாய். ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார். அது இறங்கும். இறங்க இறங்க நல்லது. அதுதான் அடையாளம்.

ஒரே ஒரு தடவை போனை எடுக்கக் கூடாதா? சும்மா உன் இருமலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

வாண்டு

மார்ச் 24

வாண்டு,

இறங்குமாம்! ஏறிவிட்டது. போன தடவையைப் போல மூன்று மடங்கு. சோதனைக்கூடத்திலிருந்து போனில் குறுஞ்செய்தியாக அனுப்பியிருந்தார்கள், பெரிய எழுத்தில், சிவப்பில். நீதானே எழுதிக் கொடுத்தாய், அதுதான் அடையாளம் என்று? அடையாளம் பார்த்துவிட்டேன். நேற்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கட்டில், மறுபடி அந்தப் பழைய மருந்து. ஒரு தடவை எரிந்த ஷெட்டை இன்னொரு தடவை கொளுத்த விட மாட்டேன். எனக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ அதைக் கட்டிலில் படுத்துக் கழிக்கவும் மாட்டேன். ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருக்கிறது, மஞ்சள் அடிக்க வேண்டும். ஷெட்டில் தகரம் தட்டும் டிங்கர் ஒடுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். "மேஸ்திரியம்மா, நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் ஒட்டுறேன்" என்று கெஞ்சினார். அவர் தட்டுவதில் கில்லாடி, டேப் ஒட்டச் சொன்னால் கோணல் மாணல். நானே ஒட்டினேன். ஒரு ஜன்னலுக்குப் பேப்பர் போதவில்லை, மருந்து டப்பாவோடு டாக்டரம்மா கொடுத்த தாளைக்கூட வைத்து ஒட்டிவிட்டேன். இனிமேல் அது எனக்கு எதற்கு?

உடம்பு பரவாயில்லை. லேசாகக் காய்ச்சல். கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வயசு, வேறென்ன. வந்து நிற்காதே. வந்தாலும் ஷெட் கதவைத் திறக்க மாட்டேன். நீ சரியாகச் சொல்வாய் என்று நம்பித்தான் மாத்திரையைப் போட்டேன், அதுதான் எனக்கு எரிகிறது.

அக்கா

மார்ச் 27

அக்கா,

இதை நீ வார்டில் வைத்துப் படிப்பாய். டிங்கரிடம் நான் போனில் கத்தியது உனக்கு எட்டியிருக்கும். "கஸ்டமர் பேசுறாங்க" என்று உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டே கதவோரம் போய்க் கேட்டார் பாவம். "அண்ணே, கால் வீங்கியிருக்கா, மூச்சு வாங்குதா? அப்ப அவ என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க, தூக்கி வண்டில போடுங்க" என்றேன். "எந்த வண்டிலம்மா? இங்க இருக்கிறது ஒட்டி வெச்ச வேன் ஒண்ணுதான்" என்றார். அதிலேயே போங்கள் என்றேன். டாக்டரம்மாவுக்கும் போன் செய்து, நீ நிறுத்தியதைச் சொல்லிவிட்டேன். காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று திட்டு. வாய் வலிக்கும் வரை திட்டு. திட்டுவதற்கு உனக்கு மூச்சு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் பேனாவையே எடுத்தேன்.

நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. எனக்கு அந்தச் சுற்று தெரியும், அந்த நொதி தெரியும். நோயாளி என்று ஒருத்தி அதற்குள் இருக்கும்போது என்ன நடக்கும் என்பது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். டாக்டரம்மா விளக்கியதை உன் பாஷையிலேயே எழுதுகிறேன்.

டேப்பை உரித்தால் வண்டி எங்கே போகும்? ரோட்டுக்கு. உன் ஷெட் எலும்பு மஜ்ஜை. ரோடு ரத்தம். சோதனைக்கூடத்தில் ஊசி குத்தி எடுத்து எண்ணியது ரோட்டில் போகும் வண்டிகளை. இத்தனை நாள் ஷெட்டில் அடைந்து கிடந்தவை எல்லாம் வேலை முடிந்து ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டன. அதனால்தான் எண்ணிக்கை ஏறியது. மாத்திரை வேலை செய்யாததால் ஏறவில்லை அக்கா. வேலை செய்ததால் ஏறியது! நீ நிறுத்தியது ஜெயித்துக்கொண்டிருந்தபோது.

ஆனால் இத்தனை வண்டியும் ஒன்றாகக் கிளம்பினால் நெரிசல். நுரையீரலில் நெரிசல், காய்ச்சல், கால் வீக்கம். கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். நெரிசலை அடக்கத்தான் உனக்கு இப்போது ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். நெரிசல் அடங்கியதும் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். தொடர்வாயா? உன் முடிவு. ஆனால் ஒரு தடவை உன் காலில் விழுந்து கேட்கிறேன், காகிதத்திலேயே.

நான் முதிர்ச்சி என்று சொன்னது உன்னைக் குறை சொல்ல இல்லை. நீ செத்துப்போய்விடுவாய் என்று பயந்தேன், அதைச் சொல்லத் தெரியாமல் வாயில் வந்த வார்த்தையைச் சொன்னேன். நாற்பத்தைந்து வயது டீச்சர் பேசுகிற பேச்சா அது?

வாண்டு

ஏப்ரல் 30

வாண்டு,

தெம்பு வந்துவிட்டது, ஸ்டீராய்டு உபயம். எழுத்து உன்னுடையதை விட நன்றாக இருக்கிறது பார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று டிங்கர் உனக்குச் சொன்னது பாதி பொய். நான் அழவில்லை. அவர்தான் அழுதார். வேனுக்கு நாலு பக்கமும் பேப்பர். முன் கண்ணாடியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் உரித்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து ஓட்டினார். ரோட்டில் ஒவ்வொருத்தனும் எங்களை வெறித்துப் பார்த்தான். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் மறித்து, "என்னய்யா, உள்ள யாரைக் கடத்துற?" என்றார். "என்னைத்தான் சார் கடத்துறாரு, பிடிச்சு உள்ள போடுங்க" என்றேன். அந்த மனுஷன் என் உதட்டு நிறத்தைப் பார்த்துவிட்டு முன்னால் பைக்கில் போய் வழி விலக்கிக் கொடுத்தார்.

நான் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தேன். வெயில் பேப்பருக்குப் பின்னால் அடித்தது. என் மூக்குக்கு நேரே ஒரு தாள், எழுத்து உள்பக்கம் பார்க்க ஒட்டியிருந்தது. டாக்டரம்மா கொடுத்த அதே தாள். "காய்ச்சல், மூச்சுத் திணறல், கை கால் வீக்கம் இருந்தால் மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் விளைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வரவும்." தடித்த எழுத்தில்! கண்ணாடியை மூட அதை நானே கைப்பட ஒட்டியிருக்கிறேன், ஓரமெல்லாம் நகத்தால் தேய்த்து, காற்றுக்கூடப் புகாமல். படிக்க வேண்டியதை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். சிரித்தேன் வாண்டு. மூச்சு இல்லாமல் சிரித்ததை டிங்கர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். அந்தத் தாளை உரித்துக் கையில் பிடித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

மாத்திரையைத் தொடர்ந்தேன். நேற்று மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். முதிராதது அநேகமாகக் காணோமாம். மைக்ராஸ்கோப்பில் எனக்கே காட்டினார் டாக்டரம்மா. "இதுங்க புதுசா வந்த நல்ல செல் இல்லம்மா. உங்களைக் கொல்லப் பார்த்த அதே கூட்டம்தான், இப்ப வளர்ந்து பெருசாகிக் கிருமிகளோட சண்டை போடுதுங்க" என்றார். அந்த ஓர் எழுத்துப் பிழை இன்னும் அவற்றுக்குள் இருக்கிறதாம். பிழையோடேயே வேலைக்குப் போகின்றன. எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இது முடிந்து போன கதை என்று நினைத்துவிடாதே என்றும் சொன்னார். அந்தப் பிழை ஒருநாள் மாத்திரைக்குத் தப்பிக்க வேறு வழி கண்டுபிடிக்கலாமாம். "கண்டுபிடிக்கட்டும் டாக்டர், நானும் ஷெட்டுலதான் இருப்பேன்" என்றேன். இப்போது மூக்கு மூடி, காற்றுக் குழாய், எல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை. டிங்கருக்கு இருமல்.

மஞ்சள் வேன் போன வாரம் ரோட்டுக்குப் போய்விட்டது. எல்லா டேப்பையும் நான்தான் உரித்தேன்.

கடைசியாக, நீ கொடுத்த அந்தப் பட்டம். திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? தர மாட்டேன், வைத்துக்கொள்கிறேன். என் செல்கள் முதிரட்டும், அவற்றுக்கு மாத்திரை இருக்கிறது. நான் முதிர மாட்டேன். முதிர்ச்சி உள்ளவளாக இருந்திருந்தால் முதல் மருந்து கேட்காதபோதே தலையாட்டிக்கொண்டு படுத்திருப்பேன், அந்தக் கட்டிலிலிருந்து என்னை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்ரசரை நிறுத்திவிடுவேன். போன் பண்ணு. எடுப்பேன். நீ அழு, நான் கத்துகிறேன்.

அக்கா